பின்வாசிப்புச் செயலியும் இலவச நூல்களும்: வாசகரின் உடைமை குறித்த சில சிந்தனைகள்

நூலொன்று இலவசமாகக் கிடைப்பதும் அந்நூல் வாசிக்கப்படுவதும் ஒன்றல்ல. அச்சுக்கூடம் தோன்றிய காலந்தொட்டு நூலுக்கும் வாசகருக்கும் இடையே பதிப்பாளர், விற்பனையாளர், நூலகர் எனப் பலர் இடையீட்டாளராக நின்று வந்துள்ளனர். இணையத்தின் வழியாக விலையின்றி நூல்கள் வழங்கப்படும் இன்றைய நிலையில் இவ்விடையீட்டாளர் மறைந்துவிட்டனர் என்றதோர் எண்ணம் எம்மிடையே பரவலாக உண்டு. இவ்வெண்ணம் பெரிதும் மயக்கத்தின்பாற்பட்டது. பழைய இடையீட்டாளர் விலகிய இடத்திற் புதியோர் வந்து அமர்ந்துள்ளனர். அவர்கள் நூலை விற்பதில்லை. நூலை வாசிப்பதற்கான ஒழுங்கை அமைத்துக் கொடுக்கின்றனர். நூல் எவர்க்கும் உரியதாக இருக்க, அதனை வாசிக்கும் ஒழுங்கு மட்டும் ஒருசில நிறுவனங்களின் கையில் இருப்பதன் விளைவுகள் யாவை என்பது ஆராயப்பட வேண்டியதாகும்.

இணையத்திற் காணும் பக்கமொன்றைச் சேமித்து வைத்துப் பின்னர் ஆறுதலாக வாசிக்க உதவும் செயலிகள் இவ்வகை ஒழுங்கமைப்புகளுள் ஒன்றாகும். இவற்றை இக்கட்டுரையிற் பின்வாசிப்புச் செயலி எனக் குறிப்பிடுவோம். 2007ஆம் ஆண்டு நேற் வைனர் என்பவர் உருவாக்கி, 2012இற் பொக்கற் எனப் பெயர் மாற்றம் பெற்ற செயலி, 2008இல் மார்க்கோ ஆர்மென்ற் உருவாக்கிய இன்ஸ்ரபேப்பர், 2013இற் பிரான்சிலே தொடங்கப்பட்ட வொலபாக் என்பன இவ்வகையில் நன்கறியப்பட்டவை. செய்தித்தாட் கட்டுரைகளையும் சஞ்சிகைக் கட்டுரைகளையும் மனங்கொண்டே இவை ஆக்கப்பட்டன. எனினும், அத்தியாயம் அத்தியாயமாக இணையப் பக்கங்களில் வெளியிடப்பட்டுள்ள நூல்களை வாசிப்பதற்கும் மாணவரும் ஆய்வாளரும் இவற்றைக் கையாண்டு வருகின்றனர். செய்திக் கட்டுரைக்கென அமைந்த கருவி நூலுக்குப் பயன்படுத்தப்படும்போது நூலுக்கு நேர்வது யாது, வாசகருக்கு நேர்வது யாது என்னும் இரு வினாக்களையும் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

இலவச மின்னூல்களின் வரலாறு இணையத்தளங்களின் வரலாற்றினும் மூத்தது. 1971 யூலை 4ஆந் திகதி இலினோய்ஸ் பல்கலைக்கழகத்திலே மைக்கல் ஹார்ட் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தட்டெழுதிப் பிறரும் பெறத்தக்கதாக வைத்தார். குட்டன்பேர்க் திட்டம் அதிலிருந்து வளர்ந்ததே. இன்று அத்திட்டத்தில் 70,000க்கு மேற்பட்ட நூல்கள் உள்ளன. 1990களிலே தொண்டர்களின் உழைப்பால் உருவாகிய மார்க்சிய இணையக் காப்பகம் சமூக விஞ்ஞானம் பயில்வோர்க்கு இன்றியமையாததொரு நூலகமாகிவிட்டது. தமிழைப் பொறுத்தவரை, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும், ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பேணும் நோக்குடன் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் முதன்மையானவை. இவ்வளவும் இருந்தும் எமது மாணவர்கள் பலர் இந்நூல்களின் முகப்புப் பக்கத்தை மாத்திரமே கண்டுள்ளனர் என்பதை வகுப்பறை அனுபவம் உடையோர் அறிவர்.

இதற்கான காரணங்களை வாசகரின் சோம்பலில் தேடுவது எளிது. ஆயின் அது போதாது. நூலை இணையத்தில் வாசிப்பதற்குத் தொடர்ச்சியான இணைப்பு வேண்டும். இணைப்பிற்குப் பணமும் மின்சாரமும் வேண்டும். இலங்கையில் 2022 மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தது. அதே மாதத்திற் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அச்சிடக் கடதாசியும் இல்லை, திரையில் வாசிக்க மின்சாரமும் இல்லை என்றிருந்த அந்நாள்களில், மின்சாரம் இருந்த சில மணித்தியாலங்களிற் கைத்தொலைபேசியிற் சேமித்து வைத்த அத்தியாயங்களே வாசிப்பைத் தொடர இடமளித்தன. பின்வாசிப்புச் செயலியின் உண்மையான பயன் இங்கேதான் உள்ளது: பக்கம் ஒருமுறை இறக்கப்பட்டபின் இணைப்பின்றியே வாசிக்கலாம், எழுத்தின் அளவை வேண்டியவாறு பெருப்பிக்கலாம், விளம்பரமும் பிற தொந்தரவுகளும் இல்லை. இப்பயனைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று.

இச்செயலிகள் பக்கமொன்றை எவ்வாறு கையாளுகின்றன என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். சேமிக்கும்போது வாசகர் உண்மையில் அனுப்புவது பக்கத்தின் முகவரியையே. செயலியின் வழங்கி அம்முகவரிக்குச் சென்று பக்கத்தைப் பெற்று, அதில் எது உரை, எது விளம்பரம், எது பக்கப்பட்டி எனத் தானே தீர்மானிக்கின்றது. இத்தீர்மானம் எவ்வாறு எடுக்கப்படுகின்றது என்பதை அறிய ஆர்க்90 என்னும் நிறுவனம் 2009இல் யாவர்க்கும் திறந்து வெளியிட்ட ரீடபிலிற்றி என்னும் நிரல் உதவுகின்றது. பின்னாளில் உலாவிகளில் வந்த வாசிப்பு நோக்குகள் பலவும், வொலபாக்கின் உரைபிரிக்கும் பகுதியும் இதன் வழிவந்தவை. ஏனைய செயலிகளின் நுணுக்கங்கள் வேறுபடலாம். அடிப்படைத் தருக்கம் பெரிதும் ஒத்ததே.

அத்தருக்கம் வியப்பளிக்குமளவு எளிமையானது. பக்கத்திலுள்ள ஒவ்வொரு பந்திக்கும் புள்ளி வழங்கப்படுகின்றது. 25 எழுத்துக்குக் குறைந்த பந்தி கணக்கில் எடுக்கப்படுவதில்லை. பந்தியில் உள்ள ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு புள்ளி. ஒவ்வொரு 100 எழுத்துக்கும் ஒரு புள்ளி, ஆயின் மூன்றுக்கு மேற்படாது. இணைப்புகள் மிகுந்த பகுதி பட்டியலாகவோ வழிகாட்டியாகவோ இருக்கும் என ஊகித்து அதன் மதிப்புக் குறைக்கப்படுகின்றது. அதிக புள்ளி பெற்ற பகுதியே "உரை" எனக் கொள்ளப்பட, எஞ்சியவை நீக்கப்படுகின்றன. நீண்ட வாக்கியமும் நிறைந்த காற்புள்ளியும் கொண்ட உரைநடையே வாசிக்கத்தக்கது என்னும் ஓர் எடுகோள் இதனுள் அமைந்துள்ளது. ஆங்கிலச் செய்திக் கட்டுரை ஒன்றை அளவுகோலாகக் கொண்டு செய்யப்பட்ட தராசு இது.

இத்தராசிற் செய்யுளை இட்டால் என்னாகும்? அடிகள் தனித்தனிப் பந்தியாகக் குறிக்கப்பட்டிருப்பின், குறளடியும் சிந்தடியும் 25 எழுத்தை எட்டாமலே தள்ளுண்டு போகலாம். செய்யுளில் நாம் இடும் காற்புள்ளியும் மிகக் குறைவு. (கணினி எழுத்தெண்ணும் முறையில் "கொ" என்பது இரண்டாகும், இவ்வொரு விடயத்தில் தமிழுக்குச் சிறிது சலுகை கிடைக்கின்றது எனலாம்.) உரையாசிரியரின் விளக்கம் மட்டும் எஞ்சி மூலச் செய்யுள் காணாமற்போன பக்கங்களை நாம் கண்டுள்ளோம். மூலத்தை விட்டு உரையை மாத்திரம் படிக்கும் வழக்கம் எம்மிடையே ஏலவே இருந்ததுதான். இப்போது அதற்கு இயந்திரத்தின் துணையும் கிடைத்துள்ளது.

உரைநடை நூல்களுக்கும் இடர்ப்பாடு இல்லாமலில்லை. எடுத்துக்காட்டாக மார்க்சின் மூலதனம் முதலாம் பாகத்தை எடுத்துக்கொள்வோம். 1867இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்த இந்நூலின் ஆங்கில ஆக்கம், சாமுவேல் மூரும் எட்வேர்ட் ஏவ்லிங்கும் மொழிபெயர்க்க எங்கெல்சின் மேற்பார்வையில் 1887இல் வெளியாயிற்று. பதிப்புரிமைக் காலம் கடந்த அவ்வாக்கமே மார்க்சிய இணையக் காப்பகத்தில் 33 அத்தியாயங்களாகப் பக்கம் பிரித்து இடப்பட்டுள்ளது. பின்வாசிப்புச் செயலிக்கு இதனினும் பொருத்தமான நூல் கிடைப்பது அரிது. அத்தியாயம் ஒன்று, பக்கம் ஒன்று. எமது வாசிப்பு வட்டத்தினர் இந்நூலை இவ்வாறே சேமித்து வாசிக்க முற்பட்டனர்.

முதலில் எதிர்ப்பட்டது வரிசைப் பிரச்சினை. செயலி இறுதியாகச் சேமித்ததை முதலிற் காட்டும் இயல்புடையது. புதியதே முக்கியமானது என்பது செய்தித்தாளின் நியாயம். முதலாம் அத்தியாயத்திலிருந்து ஒழுங்காகச் சேமித்தவர்க்குப் பட்டியலின் தலையில் 33ஆம் அத்தியாயம் நின்றது. தலைப்புகள் யாவும் ஒரே சொற்களுடன் தொடங்கியமையாற் கைத்தொலைபேசியின் சிறிய திரையில் அத்தியாயங்களை இனங்காண்பதும் கடினமாயிற்று. இறுதி அத்தியாயத்திலிருந்து முதலாவதை நோக்கிப் பின்புறமாகச் சேமிப்பதும், தலைப்பை மாற்ற இடமுள்ள செயலியாயின் அத்தியாய எண்ணைத் தலைப்பின் முன்னே இடுவதும், நூலுக்கெனத் தனிக் குறிச்சொல் ஒன்று கொடுப்பதும் இதற்குப் பரிகாரமாகும். இவை சிறிய விடயங்கள்; எனினும் இவற்றை அறியாமையால் முயற்சியைக் கைவிட்டோர் உளர்.

இரண்டாவது பிரச்சினை பாரதூரமானது. வேலை நாள் பற்றிய பத்தாம் அத்தியாயத்தை அறிந்தோர் அதன் அடிக்குறிப்புகளின் முக்கியத்துவத்தையும் அறிவர். நூற்றுக்கு மேற்பட்ட அக்குறிப்புகளிலே தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகள், பாராளுமன்ற ஆவணங்கள், மருத்துவர் சாட்சியங்கள் என்பன நிரைநிரையாக வருகின்றன. மார்க்ஸ் தமது கோட்பாட்டை எவ்வகைச் சான்றின்மேல் நிறுவினார் என்பது அங்குதான் துலங்கும். இணையப் பக்கத்தில் அவை அத்தியாயத்தின் இறுதியில் இணைப்பு எண்களுடன் தொகுக்கப்பட்டுள்ளன. சிறிய பந்தி, மிகுந்த இணைப்பு, எண்களின் அடுக்கு என மேற்கூறிய தராசு ஐயுறும் பண்புகள் யாவும் அவற்றில் உள்ளன. குறிப்புகள் சில வேளை முற்றாக நீங்குகின்றன. சில வேளை குறிப்புகள் இருந்தும் எண்ணிலிருந்து குறிப்புக்குச் செல்லும் வழி அறுந்துவிடுகின்றது. வாசகர் தாம் வாசிப்பது குறைப்பிரதி என்பதை அறியார். செயலி எதையேனும் நீக்கியதாக எங்கும் அறிவிப்பதில்லை. ஆய்வு மாணவர் ஒருவர் இவ்வாறு வாசித்த பிரதியிலிருந்து மேற்கோள் காட்டுவாராயின், மூலப் பக்கத்துடன் ஒப்பிட்ட பின்னரே காட்டுதல் வேண்டும். இது கட்டாயமானதொரு விதி என்பதே எமது கருத்து.

கட்டுரையின் தலைப்பருகே இத்தனை நிமிட வாசிப்பு எனச் செயலிகள் கணித்துக் காட்டுவதையும் இங்கே குறிப்பிடலாம். சொற்களை எண்ணி ஆங்கில வாசகரின் சராசரி வேகத்தால் வகுத்துப் பெறும் கணக்கு அது. சொல்லுருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டி நிற்கும் தமிழிற் சொற்றொகை குறைவாதலின் நிமிடமும் குறைவாகவே காட்டப்படும். தமிழ் மாத்திரமன்று, பண்டத்தையும் பெறுமதியையும் பற்றிய முதலாம் அத்தியாயத்தை நிமிடத்தால் அளப்பதிற் பொருளே இல்லை. பொருட்படுத்தாது விடுவதே நன்று.

இனி, இக்கட்டுரையின் மையமான பிரச்சினைக்கு வருவோம். பொக்கற் செயலியை 2017 பெப்ரவரியில் மொஸில்லா நிறுவனம் வாங்கியது. திறந்த இணையத்தின் காவலராகத் தம்மைக் கருதிய நிறுவனம் அது. இலாப நோக்கற்ற மன்றமொன்றின் உடைமையிலுள்ளது. ஆகவே ஏனைய வணிக நிறுவனங்களைப் போலன்றி இது நிலைத்திருக்கும் எனப் பலர் நம்பியதில் நியாயம் இருந்தது. 2025 மே மாதத்தில் அந்நிறுவனம் பொக்கற் நிறுத்தப்படும் என அறிவித்தது. அதே ஆண்டு யூலை 8ஆந் திகதி செயலி நின்றது. வாசகர்கள் தமது பட்டியலைப் பெற்றுக்கொள்வதற்குச் சில மாதத் தவணை வழங்கப்பட்டது உண்மையே. ஆயின் அவர்கள் பெற்றது முகவரிகளும் தலைப்புகளும் குறிச்சொற்களும் அடங்கிய கோப்பு. சேமித்த பக்கங்களின் உரை அதில் இருக்கவில்லை. பக்கத்தின் நிரந்தரப் பிரதியைப் பேணும் வசதி 2014 முதல் கட்டணம் செலுத்துவோர்க்கு மாத்திரம் உரியதாக இருந்தது. ஆகவே கட்டணமின்றிப் பயன்படுத்திய பெரும்பான்மையோர் பல்லாண்டு "சேமித்து" வந்தது நூல்களை அல்ல, நூல்கள் இருந்த இடங்களின் பெயர்களையே.

இஃது ஒரு தனி நிகழ்ச்சி அன்று. திறந்த நிரலாக எழுதப்பட்ட ஒம்னிவோர் என்னும் செயலியின் குழுவினர் 2024இல் வேறொரு நிறுவனத்திற் சேர்ந்தமையால் அச்சேவை அவ்வாண்டு நவம்பரில் நின்றது. நிரல் திறந்ததாக இருந்தமையால் அதனைத் தாமே இயக்க வல்லோர் தொடர்ந்து இயக்கலாம். ஏனையோர்க்கு அது போய்விட்டது. இன்ஸ்ரபேப்பர் 2013, 2016, 2018 ஆகிய ஆண்டுகளிற் கைமாறியது. 2018 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது ஐரோப்பிய வாசகர்கள் சில மாதங்கள் அச்செயலியை அணுக முடியாதிருந்தனர். நூல்கள் அந்நாள்களிலும் தத்தம் இடங்களில் இருந்தன. அவற்றை வாசிப்பதற்கென வாசகர் அமைத்த ஒழுங்கே அவரது கையை விட்டுப் போயிற்று.

வாசகரின் இவ்வொழுங்கும் உழைப்பின் விளைவே என்பதை நாம் போதிய அளவு உணர்வதில்லை. எந்நூலை எடுப்பது, எவ்வரிசையிற் படிப்பது, எப்பகுதியைக் கோடிடுவது, எதனை எதனோடு சேர்த்து நோக்குவது என்னும் தெரிவுகள் பல்லாண்டு வாசிப்பிற் படிந்து உருவாவன. பழைய பேராசிரியர் ஒருவரின் நூற்சேர்க்கையை நூலகமொன்று பெறும்போது, நூல்களைக் காட்டிலும் ஓரங்களில் அவர் எழுதிய குறிப்புகளுக்காக ஆய்வாளர் அங்கு செல்வதுண்டு. இவ்வுழைப்பை வாசகர் செலுத்த, அதன் பயன் செயலி நிறுவனத்தின் வழங்கியிற் சேர்கின்றது. எவரும் வஞ்சகம் செய்யவில்லை. உடன்படிக்கையில் எல்லாம் எழுதப்பட்டே உள்ளது. இலவசமாக வழங்கப்படும் கருவிக்கு வேறு எவ்வழியிலேனும் வருவாய் வேண்டும், வராவிடத்து அது மூடப்படும் என்பது முதலாளித்துவப் பொருளாதாரத்தின் இயல்பான நடைமுறையே.

முகவரி மாத்திரம் போதும், நூல் எங்கும் போய்விடாது என ஒருவர் வாதிடலாம். 2014இல் நிகழ்ந்தது இவ்வாதத்திற்கு விடையாகும். மார்க்ஸ், எங்கெல்ஸ் ஆகியோரது தொகுதி நூல்களின் 50 பாகங்கள் கொண்ட ஆங்கிலப் பதிப்பு 1975 முதல் 2004 வரை வெளிவந்தது. அதன் பதிப்புரிமையில் உரித்துடைய இலண்டன் பதிப்பகமான லோறன்ஸ் அன்ட் விஷாட், அப்பதிப்பிலிருந்து எடுத்து இடப்பட்ட பகுதிகளை 2014 ஏப்ரல் 30ஆந் திகதிக்குள் நீக்குமாறு மார்க்சிய இணையக் காப்பகத்தைக் கேட்டது. காப்பகம் அவ்வாறே செய்தது. மே தினத்தன்று மார்க்சின் எழுத்துகள் இணையத்திலிருந்து அகற்றப்பட்டமை பலரது சினத்தைக் கிளறியதில் வியப்பில்லை. ஆயினும் பதிப்பகத்தின் தரப்பையும் நோக்குதல் வேண்டும். அது சிறியதொரு முற்போக்குப் பதிப்பகம். பல்கலைக்கழக நூலகங்களுக்கு மின்பதிப்பை விற்றுத் தனது இருப்பைக் காத்துக்கொள்ள முனைந்தது. மொழிபெயர்ப்பாளரதும் பதிப்பாளரதும் உழைப்புக்கு விலை உண்டு என்பதை முற்போக்காளர் மறுப்பது பொருந்தாது. அவ்விலையைப் பல்கலைக்கழகம் சாராத தொழிலாளி வாசகர் எவ்வாறு செலுத்துவார் என்பதே விடையின்றி நிற்கும் வினா. 1887ஆம் ஆண்டு மூலதன ஆக்கம் இதனாற் பாதிக்கப்படவில்லை. கடிதங்களும் இளமைக்கால எழுத்துகள் சிலவும் பாதிக்கப்பட்டன. அவற்றுக்கான முகவரிகளை மட்டும் சேமித்திருந்தோரிடம் அன்றைக்குப் பின் எஞ்சியது வெற்று முகவரிகளே.

குட்டன்பேர்க் திட்டமும் இத்தகைய இடரிலிருந்து தப்பவில்லை. தோமஸ் மான், ஹைன்றிச் மான், அல்பிரட் டொப்ளின் ஆகியோரின் 18 நூல்கள் தொடர்பாக ஜேர்மன் பதிப்பகமொன்று தொடுத்த வழக்கின் விளைவாக, 2018 முதல் 2021 வரை ஜேர்மனியிலிருந்து அத்தளத்தை அணுக முடியாதிருந்தது. தனியொரு களஞ்சியத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகத்தினர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

உடைமைப் பிரச்சினைக்கு இன்னொரு முகமும் உண்டு. வாசிப்புப் பட்டியல் என்பது ஒருவரின் சிந்தனைப் போக்கின் பதிவேடு. பொது நூலகத்தில் இரவல் பெற்ற நூல்களின் விபரம் இரகசியமாகப் பேணப்பட வேண்டும் என்பது நூலகர்களின் நீண்டகால அறம். அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டுத் தேசப்பற்றுச் சட்டத்தின் 215ஆம் பிரிவு நூலகப் பதிவுகளையும் பெற இடமளித்தபோது அந்நாட்டு நூலகர்கள் அதனை எதிர்த்தனர். அப்பிரிவு 2020 மார்ச்சிற் காலாவதியாயிற்று. நூலகரின் பதிவில் நூலின் பெயர் மாத்திரம் இருக்கும். செயலியின் பதிவிலோ எந்நாளில் எப்பக்கம் சேமிக்கப்பட்டது, எது திறக்கப்பட்டது, எங்கே கோடிடப்பட்டது என்பன யாவும் இருக்கலாம். எமது நாட்டிலே 2020 மே மாதத்தில் இளங்கவிஞர் அஹ்னாப் ஜசீம் தமது தமிழ்க் கவிதைத் தொகுதியின் பெயரால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டு, 2021 டிசெம்பரிலேயே பிணையில் வெளிவந்தார்; 2023இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எழுதியவருக்கு நேர்ந்ததை வாசிப்பவரும் மனங்கொள்வது தேவையற்ற அச்சமாகாது.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, கருவியைக் கைவிடுவதா அல்லது கருவியின் உடைமையை மாற்றுவதா என்னும் தெரிவு எழுகின்றது. நாம் இரண்டாவதன் பக்கம் நிற்கின்றோம். மேலே குறிப்பிட்ட வொலபாக் இவ்வகையில் ஆராயத்தக்கது. அதன் முதற்பெயர் பொஷ். பிரெஞ்சு மொழியிற் சட்டைப்பை என்பது பொருள். பொக்கற் நிறுவனத்தின் ஆட்சேபத்தின் பின் பெயர் மாற்றப்பட்டது என்பது சுவையானதொரு செய்தி: சட்டைப்பை என்னும் சொல்லுக்கே உரிமை கோரப்பட்ட காலம் இது. வொலபாக்கின் நிரல் கட்டற்றது. எவரும் தமது கணினியிலோ வாடகைக்குப் பெற்ற வழங்கியிலோ அதனை நிறுவலாம். சேமித்த பக்கத்தின் உரை அங்கேயே தங்குகின்றது. குறித்த தளமொன்றின் பக்கங்களில் உரையும் அடிக்குறிப்பும் எங்கே உள்ளன என்பதைக் கூறும் விதிக்கோப்பு ஒன்றை எழுதி வைக்கவும் இடமுண்டு. எழுதிவிட்டாற் புள்ளிக் கணக்கின் தயவை நாடாமலே அடிக்குறிப்புகளைக் காப்பாற்றலாம். சேமித்த அத்தியாயங்களை ஈபப் என்னும் மின்னூல் வடிவில் ஏற்றுமதி செய்து, எந்த வாசிப்புக் கருவியிலும் எந்தச் செயலியின் துணையுமின்றி வாசிக்கவும் முடிகின்றது.

நிறுவுதல் எல்லோர்க்கும் இயலாது என்பது உண்மையே. தனிநபரை முன்னிறுத்திச் சிந்திப்பதால் வரும் தடை இது. துறையொன்றுக்கோ மாணவர் மன்றமொன்றுக்கோ பழைய கணினி ஒன்றும் அதனைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தாற் பல வாசகர்களுக்கு அது போதும். முழு நூலும் ஈபப் வடிவிற் கிடைக்குமிடத்து இவ்வளவும் வேண்டியதில்லை என்பதையும் கூறிவிட வேண்டும். குட்டன்பேர்க் திட்டத்தின் நூல்களை அதன் தளத்திலிருந்து ஈபப் கோப்பாகவே நேரடியாகப் பெறலாம். அவற்றின் ஒற்றை நெடும்பக்கத்தைப் பின்வாசிப்புச் செயலியில் இட்டு அல்லற்படுவது வீண் வேலை. அத்தியாயங்களாகச் சிதறிக் கிடக்கும் நூலே இக்கருவிக்கு உரியது.

தமிழ் நூல்களின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இடப்பட்ட பக்கங்கள் தமிழாகத் தோன்றுவது எழுத்துருவின் வித்தையால் மாத்திரமே. அவற்றின் உள்ளே இருப்பவை உரோம எழுத்துகளின் குறியீடுகள். செயலி பக்கத்தின் அலங்காரத்தைக் களையும்போது எழுத்துருவும் களையப்பட, வாசகர் முன் தோன்றுவது பொருளற்ற உரோம எழுத்துக் குவியல். எமது பல சிற்றிதழ்களின் பழைய இணையப் பிரதிகளுக்கு நேர்ந்த கதி இது. மதுரைத் திட்டம் தனது நூல்களை யுனிகோட்டுக்கு மாற்றியதன் பெறுமதி இங்கே விளங்குகின்றது.

நூலகம் திட்டத்தின் சேகரிப்பு பெரும்பாலும் அச்சுப் பக்கங்களின் ஒளிப்பிரதிகளாகும். 1970களிலும் 1980களிலும் சிறிய அச்சகங்களில் அச்சாகி, இடப்பெயர்வுகளுக்கூடாகத் தப்பிய சஞ்சிகைகளைக் காப்பாற்றியமைக்கு அத்தொண்டர்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் ஒளிப்பிரதியிற் கணினி காண்பது படத்தையே. பின்வாசிப்புச் செயலி அதிலிருந்து ஒரு சொல்லையும் எடுக்க மாட்டாது. கோப்பின் முகவரியைக் குறித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. இதனால் ஏற்படும் விளைவொன்று உண்டு. கைத்தொலைபேசியில் எளிதாக வாசிக்கத்தக்கவை ஆங்கில நூல்களாகவும், பெருப்பித்தும் நகர்த்தியும் கண் வருந்த வாசிக்க வேண்டியவை எமது சொந்தச் சஞ்சிகைகளாகவும் அமைந்துவிட்டன. மாணவர் எதனை மேற்கோள் காட்டுகின்றனர் என்பதில் இவ்வேறுபாடு ஏற்கெனவே தென்படத் தொடங்கியுள்ளது.

இதற்கான வேலை தமிழ் விக்கிமூலத்தில் நடைபெற்று வருகின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்புடன் நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்கள் பெருந்தொகையாக அங்கு சேர்க்கப்பட்டு, எழுத்துணரி மூலம் உரையாக்கப்பட்டன. எழுத்துணரி "ர" வையும் துணைக்காலையும் மயங்கும்; பழைய அச்சின் "ணை", "லை" ஆகியவற்றின் பழைய வடிவங்களிலும் தடுமாறும். ஆதலின் ஒவ்வொரு பக்கத்தையும் படத்தோடு ஒப்பிட்டு ஒருவர் திருத்த, இன்னொருவர் அதனைச் சரிபார்க்கின்றார். சரிபார்க்கப்பட்ட அத்தியாயம் வொலபாக்கிற் குறைவின்றி விழுகின்றது. ஈழத்துச் சஞ்சிகைகளில் உரிமையாளரின் இசைவு பெறத்தக்கவற்றுக்கு இம்முறையைக் கையாள்வதாயின், தமிழ்த்துறை மாணவர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு பக்கங்களைத் திருத்தினாலும் நூறு பக்க இதழொன்று ஓராண்டில் முடிந்துவிடும்.